மொம்பாசாவிலிருந்து கம்பாலா: லாரியில் ஏழு நாள்

முதல் நாள், மொம்பாசா

மொம்பாசா துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்களை லாரியேற்றி உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் அனுப்புவதுதான் ஒன்பது வருடமாக என் பிழைப்பு. என் மேசையில் ஒரு திரை, திரையில் வரைபடம், வரைபடத்தில் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு லாரி. புள்ளி நகர்ந்தால் எனக்கு நிம்மதி. நின்றுவிட்டால் உடனே போனை எடுத்து ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்பேன். இத்தனை வருடத்தில் அந்தப் புள்ளிக்குள் ஒரு தடவைகூட நான் ஏறி உட்கார்ந்ததில்லை. இந்த முறை பத்து நாள் லீவு கிடைத்ததும் முதலாளியிடம் கேட்டுவிட்டு ஏறிவிட்டேன். தினமும் இரவில் எழுதி அன்றன்றைக்குப் போடுகிறேன்.

சரக்கு என்னவென்றால், கோயம்புத்தூரில் செய்த தண்ணீர் பம்புகள். தூத்துக்குடியில் கப்பலேறி, கொழும்பில் கப்பல் மாறி இங்கே வந்திருக்கின்றன. நான் தூத்துக்குடிக்காரன் என்பதால் அந்தக் கன்டெய்னர் மேல் எனக்குத் தனிப் பிரியம் என்று சொன்னால் நம்புவீர்கள்தானே. பெட்டியோடு சேர்த்து 26 டன். போகவேண்டிய இடம் உகாண்டாவின் தலைநகர் கம்பாலா, கிட்டத்தட்ட 1,170 கிலோமீட்டர்.

எங்கள் டிரைவருக்கு ஐம்பத்தாறு வயது. யார்டில் எல்லோரும் அவரை ம்ஸே என்றுதான் கூப்பிடுகிறார்கள், சுவாஹிலியில் பெரியவர் என்று பொருள். முன்பெல்லாம் நம் ஊர் கிளீனர் மாதிரி லாரிக்கு ஒரு உதவியாள் இருப்பான், டர்ன்பாய் என்பார்கள். செலவைக் குறைக்க எங்கள் கம்பெனியில் அந்த ஆளை எடுத்துவிட்டோம், ஆக அவர் தனி ஆள். அந்த இடத்தில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

காலையிலேயே ஒரு தடங்கல். டிரெய்லரின் ஸ்பிரிங் பட்டை விரிந்திருந்தது, வேறு டிரெய்லர் மாட்டினார்கள். துறைமுகத்துக்குள் போய் கன்டெய்னர் ஏற்றி வெளியே வர மாலை ஐந்தாகிவிட்டது. வெளியே வரும்போது கதவில் மின்னணு சீல் பூட்டுகிறார்கள். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்று நாடுகளும் சேர்ந்து 2017-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. உகாண்டாவுக்குப் போகிற சரக்கு வழியிலேயே கென்யாவில் இறங்கி விற்பனையாகிவிடக் கூடாது, அதற்காகத்தான். வண்டி பாதை மாறினாலோ, தேவையில்லாமல் வெகுநேரம் நின்றாலோ, பூட்டில் யாராவது கை வைத்தாலோ கண்காணிப்பு அறையில் மணி அடிக்கும். இதற்கெல்லாம் முன்பே, 2014 வாக்கில், உகாண்டாவுக்கான வரியைச் சரக்கு மொம்பாசாவில் இருக்கும்போதே கட்டிவிடலாம் என்று வந்துவிட்டது. எல்லையில் பெட்டியைத் திறந்து பார்த்து, வரி போட்டு, பணம் கட்டக் காத்திருந்த காலம் அதோடு பெரும்பாலும் போயிற்று. காகிதங்கள் சரியாக இருந்தால் மட்டும், என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

35 கிலோமீட்டர் தாண்டி மரியாகானியில் படுக்கை. கேபினில் இரண்டு படுக்கைகள். மேல் படுக்கை எனக்கு.

இரண்டாம் நாள், மரியாகானி முதல் ம்லோலோங்கோ

விடிவதற்கு முன்பே எடை மேடை. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பொதுவான எடைச் சட்டம் 2016-லிருந்து இருக்கிறது. ஏழு அச்சு, அதாவது ஆக்சில், உள்ள வண்டிக்கு 56 டன்தான் உச்சம், எங்களைப் போல ஆறு அச்சுக்கு 50. மொத்த எடையில் எங்களுக்குப் பயமே இல்லை. ஆனால் அச்சு வாரியாகவும் பார்ப்பார்கள்: முன்னச்சுக்கு 8, நடு இரட்டை அச்சுக்கு 18, பின்னால் மூன்றச்சுக்கு 24. கோயம்புத்தூரில் யாரோ ஒரு தொழிலாளி பெட்டிக்குள் கனமான பம்புகளை எல்லாம் முன்பக்கமாக அடுக்கியிருந்தால் இங்கே நடு அச்சு எகிறும். பெட்டியோ சீல் வைத்தது, திறந்து மாற்றி அடுக்க முடியாது. நடு அச்சு 17.6 காட்டியது. ம்ஸே மூச்சை விட்டதை நான் கேட்டேன். திரைக்கு முன் உட்கார்ந்து "மரியாகானி கடந்தது" என்ற ஒரு வரியை நான் ஆயிரம் தடவை படித்திருப்பேன், அந்த மூச்சு அதில் இல்லை.

மெக்கினன் ரோடு என்ற ஊரில் ரயில் பாதை ஓரமாக ஒரு பள்ளிவாசல். உள்ளே சையத் பகாலி என்பவரின் அடக்கத்தலம். நூறு வருடத்துக்கு முந்தைய உகாண்டா ரயில் பாதை வேலைக்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர் என்கிறார்கள். அவர் தலையில் சுமந்த மண் கூடை தலையைத் தொடாமல் மிதக்கும் என்று கதை. எந்த மதக்காரராக இருந்தாலும் இந்த வழியாகப் போகிற டிரைவர்கள் இங்கே நிறுத்தி வேண்டிக்கொண்டுதான் போவார்கள். ம்ஸே கிறிஸ்தவர். அவரும் இறங்கினார், நானும் இறங்கினேன். நம் ஊரில் மலைப்பாதை ஏறும் முன் கோயிலில் நிறுத்திச் சூடம் காட்டுவோமே, அதே அடக்கம் அவர் முகத்தில்.

இங்கே பன்னிரண்டு நிமிடம் நின்றோம். என் புள்ளி கணக்கில் அது "காரணமற்ற நிறுத்தம்".

அப்புறம் சாவோ. இரண்டு பக்கமும் செம்மண் காடு, வலதும் இடதும் யானைகள் உண்டு, இடையில் புது ரயில் பாதையின் உயரமான கரை. மொம்பாசா - நைரோபி ரயில் 2017-ல் ஓட ஆரம்பித்தபோது லாரித் தொழில் முடிந்தது என்று எங்கள் ஆபீசிலேயே பேசிக்கொண்டார்கள். அப்படி ஆகவில்லை, ஏனென்றால் ரயில் நைரோபி தாண்டிக் கொஞ்ச தூரத்தோடு நின்றுவிட்டது. எல்லை வரைக்கும், எல்லைக்கு அப்பாலும் மறுபடி லாரிதானே போக வேண்டும்.

மதியச் சாப்பாடு மகிண்டு குருத்வாராவில். அதுவும் ரயில் பாதை போட வந்த சீக்கியர்கள் விட்டுப்போனது. யார் வந்தாலும் காசில்லாமல் சப்பாத்தி, பருப்பு, பாயசம். வழிப்போக்கர்கள் ராத்தங்கவும் இடம் உண்டு. ம்ஸே தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "இருபது வருடமாக இங்கே சாப்பிடுகிறேன் காக்கா, ஒருத்தர்கூட எங்கே போகிறாய் என்று கேட்டதில்லை" என்றார். காக்கா என்றதும் எனக்கு ஒரு நிமிடம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. சுவாஹிலியில் காக்கா என்றால் சகோதரன். எங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்று வரை நான் அவருக்கு போஸ், இன்று காக்கா.

இரவு நைரோபிக்கு வெளியே ம்லோலோங்கோ. லாரிக்காரர்களுக்காகவே உண்டான ஊர் மாதிரி இருக்கிறது.

மூன்றாம் நாள், ரிஃப்ட் பள்ளத்தாக்கு

நைரோபியைச் சுற்றிக்கொண்டு போய் மை மஹியு இறக்கம். கனரக வண்டிகளுக்கு இந்தப் பழைய பாதை. இரண்டாம் உலகப் போரில் கைதியாக வந்த இத்தாலியர்கள் போட்டது, அடிவாரத்தில் அவர்கள் கட்டிய சின்னஞ்சிறு தேவாலயம் இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பல நூறு மீட்டர் பள்ளம், கீழே மஞ்சள் சமவெளி. ம்ஸே சின்ன கியரைப் போட்டுவிட்டு பிரேக்கைத் தொடாமலே இறக்கினார். காரெல்லாம் பின்னால் ஹார்ன் அடித்தன, அவர் கண்டுகொள்ளவே இல்லை.

நகுரு தாண்டி சல்கா. இந்த நீண்ட இறக்கத்தில் எத்தனையோ பேர் உயிரை விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் சச்சங்வானில் 2009 ஜனவரி 31 அன்று பெட்ரோல் லாரி ஒன்று கவிழ்ந்து, கசிந்த பெட்ரோலை மொள்ள ஊரே திரண்டபோது தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சல்காவில் விபத்து அதிகமாவதற்குப் பலரும் சொல்லும் காரணம், டிரைவர்கள் நியூட்ரலில் விடுகிறார்கள் என்பது. இறக்கத்தில் எஞ்சினை விடுவித்துவிட்டால் டீசல் மிச்சம், ஆனால் வண்டி பிரேக்கை மட்டும் நம்பி ஓடும், பிரேக் சூடேறினால் அவ்வளவுதான். இதை நானும் கூட்டங்களில் ஒழுங்கீனம் என்றுதான் பேசியிருக்கிறேன். ம்ஸே இன்று சொன்னது வேறு: "மிச்ச டீசலை விற்றால்தான் வழிச்செலவு கட்டுபடியாகும் என்கிற நிலைமையில் ஒருத்தனை வைத்துவிட்டு, அவனிடம் போய் நியூட்ரலில் விடாதே என்றால் எப்படி?" அவர் விடுவதில்லை. 2011-ல் ஒரு நண்பரை இங்கே இழந்திருக்கிறார்.

டிம்போரோவா பக்கத்தில் பூமத்திய ரேகையைத் தாண்டினோம். பூமியின் நடுக்கோடு, ஆனால் கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உயரம் என்பதால் பற்கள் அடித்துக்கொள்ளும் குளிர். ஊட்டியைவிட உயரம். எல்டோரெட்டில் படுத்தோம்.

நான்காம் நாள், மலாபா

கரும்பு வயல்கள், வெபுயேயில் இன்னொரு எடை மேடை, புங்கோமா, அப்புறம் மதியம் இரண்டு மணிக்கு வரிசை தொடங்கியது. சுவாஹிலியில் ஃபொலேனி. எல்லைக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இருக்கும்போதே கடைசி லாரியின் பின்பக்கம் தெரிந்தது. இது ரொம்பச் சின்ன வரிசை என்றார் ம்ஸே.

மலாபா ஒரு சின்ன ஆறு. அதன் மேல் பாலம், அக்கரை உகாண்டா. முன்பு கென்யா கரையில் ஒரு தடவை நின்று வெளியேறும் வேலையை முடித்து, பாலம் தாண்டி அந்தக் கரையில் இன்னொரு தடவை நின்று நுழையும் வேலையை முடிக்க வேண்டும். இப்போது ஒரே நிறுத்தம். உகாண்டாவுக்குப் போகிற வண்டி கென்யா பக்கத்தில் நிற்காமல் பாலத்தைத் தாண்டிவிடும், இரண்டு நாட்டு அதிகாரிகளும் அக்கரையில் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள். வருகிற வண்டிக்கு இக்கரையில் அதே மாதிரி. ஆப்பிரிக்காவில் இந்த முறை முதலில் வந்தது ஜாம்பியா - ஜிம்பாப்வே எல்லையில் சிருண்டுவில், 2009-ல். யோசித்தவர் யாரோ, லாரி டிரைவரின் வாழ்க்கையிலிருந்து எத்தனையோ இரவுகளை மீட்டுக் கொடுத்திருக்கிறார். மனதாரச் சொல்கிறேன்.

டிரைவரும் நானும் வேறு வேறு ஜன்னல். கென்யாக்காரரான அவருக்குத் தேசிய அடையாள அட்டை போதும். எனக்குப் பாஸ்போர்ட், விசா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை. வண்டிக்கும் ஒரு மஞ்சள் அட்டை உண்டு, அது வேறு. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் செல்லுபடியாகும் மூன்றாம் நபர் காப்பீடு அது. எல்லைக்கு எல்லை புதுக் காப்பீடு வாங்க வேண்டியதில்லை.

ஏழு மணிக்கு எங்கள் முறை வந்தது. கணினியில் பார்த்த அதிகாரி, பொறுமையான மனிதர், தலையை ஆட்டினார். உகாண்டா பக்கத்து ஆவணத்தில் இருக்கும் டிரெய்லர் எண் வேறு, எதிரே நிற்கிற டிரெய்லரின் எண் வேறு.

முதல் நாள் பட்டை விரிந்து டிரெய்லர் மாற்றினோமே, அதுதான். துறைமுக வாயில் சீட்டில் புது எண்ணை மாற்றிவிட்டோம். உகாண்டா ஆவணத்தில் மாற்றவில்லை. அன்றைக்கு அந்தக் கோப்பைப் பார்த்து சரி என்று அனுப்பியவன் நான். இன்று வெள்ளிக்கிழமை, திருத்தம் நாளைக்குத்தான் என்றார்கள்.

ஐந்தாம் நாள், மலாபா

முழு நாளும் இங்கேதான்.

இந்த மாதிரித் தப்பு மாதத்தில் இரண்டு தடவையாவது வரும். ஆபீசில் அதற்கு நான் செய்வது என்ன? திருத்த விண்ணப்பம் போடுவேன், டிரைவருக்கு "திருத்தம் போட்டாச்சு, காத்திருக்கவும்" என்று ஒரு செய்தி அனுப்புவேன், அடுத்த கோப்பை எடுப்பேன். அந்தக் காத்திருக்கவும் என்ற ஒரு சொல் எப்படியிருக்கும் என்று இன்று பார்த்தேன்.

வண்டியை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் டீசல் டேங்கிலிருந்து டீசல் போகும், மாற்று டயர் போகும். தூங்கினாலும் அரைத் தூக்கம். கழிப்பறைக்குக் காசு, குளிக்கக் காசு, வாளித் தண்ணீருக்குக் காசு. காலையில் டீயும் மண்டாசியும், நம் ஊர் இனிப்பு போண்டா மாதிரி ஒன்று. மதியம் உகாலியும் கீரையும், அதாவது சோள மாவுக் களி. நம் கேழ்வரகுக் களி சாப்பிட்டவர்களுக்குப் பழக ஒரு வேளை போதும். எல்லாம் அவர் கைக்காசு. எங்கள் கம்பெனியில் பேட்டா ஒரு நடைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிடுகிறோம். கம்பாலா நான்கு நாளில் போய்ச் சேர்ந்தாலும் அதே தொகை, பத்து நாளானாலும் அதே தொகை. நான் போட்ட ஒரு தப்புக்கு இன்று ம்ஸே தன் பையிலிருந்து காசு எடுத்துச் சாப்பிட்டார். எனக்கும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

பக்கத்து லாரிக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசினார்கள். 2020-ல் கொரோனா சோதனை கட்டாயமானபோது இந்த வரிசை எத்தனையோ கிலோமீட்டர் நீண்டது. 2022 ஜனவரியில் மறுபடி அதே கதை. ம்ஸே அப்போது ஒன்பது இரவுகள் கேபினில் படுத்திருக்கிறார். வழியில் எந்த ஊரிலும் டிரைவரைக் கடைக்குள் விடமாட்டார்களாம், நோயைக் கொண்டு வருகிறவன் என்று. "அந்த ஊர்களுக்கு எல்லாம் மருந்தும் உப்பும் டீசலும் கொண்டு போனது யார் காக்கா?" என்றார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அந்த ஒன்பது நாளில் நான் அவருக்கு எத்தனை தடவை போன் செய்து ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டிருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நம் ஊரில் வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் ராப்பகலாக நின்ற காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜிஎஸ்டி வந்த 2017-க்குப் பிறகு மாநில எல்லை வரிச் சாவடிகள் போய்விட்டன. அது ஒரே நாட்டுக்குள். இங்கே தனித்தனி அரசு, தனித்தனிக் கருவூலம், தனித்தனிக் கணினி. அப்படியிருந்தும் இவ்வளவு தூரம் சேர்ந்து வந்திருக்கிறார்கள் என்பதை நான் சும்மா மதித்துவிட்டுப் போக மாட்டேன். ஆனால் எல்லையில் லாரி நிற்பதற்கு எப்போதும் அரசாங்கத்தையே கை காட்டிப் பழகிவிட்டோம். நேற்றும் இன்றும் இந்த லாரியை நிறுத்தி வைத்தது ஒரு ஆவணப் பிழை, அதுவும் ஏற்றுகிறவர் பக்கத்துப் பிழை. வரிசையில் பேசிய எட்டுப் பேரில் மூன்று பேர் இதே காரணத்துக்காக நிற்கிறார்கள். எடை ஒன்று, பெட்டி எண்ணில் ஒரு எழுத்து, வாங்குகிறவர் பெயர் மாறியது.

திருத்தம் இரவு பதினொன்றே முக்காலுக்கு வந்தது. ராத்திரியில் ஓட்ட வேண்டாம் என்று ம்ஸே சொல்லிவிட்டார். சரி என்றேன்.

ஆறாம் நாள், உகாண்டா

விடியற்காலை கிளம்பினோம். கொஞ்ச நேரத்தில் சமவெளிக்கு நடுவில் தனியாக ஒரு பெரும் பாறை, டொரோரோ. திரும்பி வரும்போது இந்தப் பாறை தெரிந்தால் எல்லை வந்துவிட்டது, சாப்பாடு தண்ணீர் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கணக்காம். வரைபடத்தில் அந்தப் பாறையை நான் பார்த்ததே இல்லை.

இகாங்கா தாண்டியதும் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்தோம். ஜிஞ்சாவில் நைல் மீது கம்பிவடங்கள் தாங்கும் புதுப் பாலம், 2018-ல் திறந்தது. முன்பு 1954-ல் கட்டிய அணையின் மேல்தான் எல்லா லாரிகளும் போய்க்கொண்டிருந்தன. விக்டோரியா ஏரியிலிருந்து நைல் புறப்படுகிற இடம் இது. தண்ணீர் எகிப்துக்குப் போகிறது, கோயம்புத்தூர் பம்பு கம்பாலாவுக்குப் போகிறது, நான் கண்ணாடியை இறக்கிவிட்டு வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

மபிரா காடு, அப்புறம் நமவோஜ்ஜோலோ சந்தை. வண்டி நின்றதும் இருபது கைகள் ஜன்னலுக்கு வந்தன, குச்சியில் குத்திய கோழி, சுட்ட வாழைப்பழம். சுட்ட பழம் பிரமாதம். இந்தத் தடவை நான்தான் காசு கொடுத்தேன்.

கம்பாலா நெரிசலைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எட்டு மணிக்குக் கிடங்கு வாசல்.

ஏழாம் நாள், கம்பாலா

காலை பத்து மணிக்கு அதிகாரி வந்து சீலைத் திறந்தார். கதவு திறந்ததும் பெட்டிகளின் மேல் தமிழில் அச்சடித்த ஒரு கம்பெனிச் சீட்டு, ஓரத்தில் யாரோ பேனாவில் எழுதிய எண்ணிக்கை. பெட்டிகள் முன்னும் பின்னும் சரிசமமாக அடுக்கப்பட்டிருந்தன. அந்தத் தொழிலாளி யாரென்று தெரியாது, அவரால்தான் மரியாகானியில் நாங்கள் தப்பித்தோம். சரக்கை எடுக்க வந்த விவசாயக் கடைக்காரர் இரண்டு நாள் தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மழைக்காலம் முடிந்து காய்கறி நாற்று விட்டவர்கள் தினமும் கடைக்கு வந்து கேட்டுப் போனார்கள் என்று மட்டும் சொன்னார்.

ம்ஸே இங்கிருந்து காலிப் பெட்டியோடு திரும்புகிறார். உகாண்டாவுக்குள் வருகிற சரக்கு அதிகம், வெளியே போகிற காபியும் தேயிலையும் அத்தனை லாரிகளை நிரப்பப் போதாது. அதனால் போகும்போதே திரும்புகிற செலவையும் சேர்த்துத்தான் வாடகை போடுகிறோம். ஒரு பம்பின் விலையில் ஒரு காலிப் பெட்டியின் 1,170 கிலோமீட்டரும் இருக்கிறது. பெட்டி கப்பல் கம்பெனிக்குச் சொந்தம், குறித்த நாளுக்குள் மொம்பாசாவில் ஒப்படைக்காவிட்டால் நாள் கணக்கில் தண்டம். கப்பல் கம்பெனியின் இரும்புப் பெட்டி காத்திருந்தால் நாளுக்கு இவ்வளவு என்று நாங்கள் மறுபேச்சில்லாமல் கட்டுகிறோம்.

கிடங்கு வாசலில் உட்கார்ந்தே முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஐந்தாவது நாளிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பேட்டா, தப்பு எங்கள் பக்கம் என்றால் அதோடு சாப்பாட்டுச் செலவும். டிரெய்லர் மாறினால் இரண்டு நாட்டு ஆவணத்திலும் புது எண்ணைப் பார்த்து, எல்லை ஏஜென்டிடம் போனில் ஒரு தடவை படித்துக் காட்டிய பிறகுதான் வண்டி யார்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன், வராவிட்டால் மறுபடி கேட்பேன்.

எனக்கு நாளைக்கு விமானம். கொஞ்ச நேரம் முன்பு போனில் புள்ளியைப் பார்த்தேன், நின்றிருந்தது. கூப்பிட்டேன். சாப்பிட்டீர்களா ம்ஸே என்று கேட்டேன். பாறை தெரிகிறது, ரொட்டியும் தண்ணீரும் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்றார்.